இஞ்சியின் மேல் பழி

இஞ்சித் தோலைச் சீவக் கத்தி வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டியின் விளிம்பு போதும். கத்தி வைத்தால் தோலோடு கொஞ்சம் சதையும் போய்விடும். கரண்டி தோலை மட்டும் எடுக்கும். யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்வது என் வழக்கம். உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நேற்று என்னை விசாரிக்க உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறீர்கள். ஜன்னல் திறக்காத இந்த அறையில், சளிக் காலத்தில், நாளெல்லாம் பிறர் விட்ட மூச்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்.

நேற்று நான் சாட்சி சொல்ல வந்தேன். இன்று யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்திருக்கிறேன். நேற்று நீங்கள் காட்டிய அந்தத் தாள்தான் காரணம். என் தம்பி வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துப்போன பதினொரு பாட்டில்களையும் சோதித்திருக்கிறார்கள். இஞ்சி, எலுமிச்சை, தேன், மஞ்சள், மிளகு. வேறெதுவும் இல்லை. சோதித்தவர் யாரென்று தெரியாது, ஆனால் கை சுத்தமான ஆள். தேனின் அளவைக்கூடச் சரியாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகும் நீங்கள் சொன்னீர்கள், "இந்தக் கஷாயம்தான் மருந்த வேலை செய்யவிடாமப் பண்ணிருக்கும்னு சந்தேகப்படறோம்" என்று. அதைப் போட்டுக் கொடுத்தது தம்பி மனைவி என்பதால், கேள்விகள் எல்லாம் அவளைச் சுற்றியே போகின்றன.

என் தம்பி இறந்து இன்றோடு இருபது நாள். அந்தத் துக்கத்தோடு இந்தப் பழியையும் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இஞ்சி யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் குடுவைகளைக் கழுவி, கரைசல்களை அளந்து ஊற்றி, லேபிள் ஒட்டி அடுக்கி வைப்பது என் வேலை. ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். லேபிள்கள் மட்டும் எப்போதும் என் கையெழுத்தில் இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்து போட்டு, தேதியும் எழுதி வைக்கிற ரகம்.

சளிக் காலம் தொடங்கியதும் ஆசிரியர்கள் அறைக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையக் கஷாயம் கொண்டுபோவேன். இஞ்சியை அரைக்கக் கூடாது, நசுக்க வேண்டும். மிளகும் மஞ்சளும் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்து, தண்ணீர் முக்கால் பங்காக வற்றியதும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் எலுமிச்சையும் தேனும். கொதிக்கும்போதே தேனை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். "இதக் குடிச்சா சளி ஏழே நாள்ல போயிடும், குடிக்கலன்னா ஒரு வாரம் ஆகும்" என்று கணக்கு வாத்தியார் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டுவார். எனக்கு அங்கே "கஷாய டீச்சர்" என்று பேர். நான் டீச்சர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயத்தில் எதை மிதித்தாலும், பக்கத்தில் தனக்கென்று இருக்கிற பிரேக்கை அவன் மெதுவாக மிதித்துச் சிரிப்பான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு நாற்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு படுத்துக் கிடந்தான். சொந்தங்கள் எல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள், வருத்தப்பட்டார்கள், பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஒருத்திதான் சோதனைக்குக் கையை நீட்டினேன்.

பொருந்தியது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம் என்று டாக்டரே சொன்னார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்கள் எதுவும் அமையவில்லை. வாழ்க்கையில் என்னோடு கச்சிதமாகப் பொருந்திய ஒரே ஆள் என் தம்பிதான் என்று தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் நர்ஸ் ஒருத்தர் எங்களை உட்கார வைத்து மாத்திரைகளைப் பற்றி விளக்கினார். நல்ல பெண்மணி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்க தம்பி ஒடம்பப் பொறுத்தவரைக்கும் இந்தக் கிட்னி வெளியாள். உள்ள இருக்கற காவல்காரங்க வெளியாளப் பாத்தா வெரட்டத்தான் பாப்பாங்க. இந்த மாத்திரை அவங்கள அரைத் தூக்கத்துல வச்சிருக்கும். காலைல எட்டு, சாயந்தரம் எட்டு. ஒரு வேளகூட விடக் கூடாது."

"வெளியாளா? நாங்க ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "சொந்தம் எல்லாம் மனசுக்குத்தாம்மா. ஒடம்புக்கு எல்லாரும் வெளியாள்தான்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நர்ஸ் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதி வைத்துக்கொண்டேன்.

மாத்திரைப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஏழு நாள், நாளுக்கு இரண்டு அறை, மொத்தம் பதினான்கு அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டு வாங்கினேன். ஒன்று அவன் வீட்டில் இருக்கும், மற்றது என்னிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரப்பியதைக் கொண்டுபோய்க் கொடுத்து, காலியானதை வாங்கி வருவேன். மருந்துக் கடைக்குப் போவதும் நான்தான், அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து அறைகளில் போடுவதும் நான்தான். மூன்று வருடத்தில் ஒரு அறையில்கூட ஒரு மாத்திரை மாறியதில்லை. "எங்க அண்ணி கை தராசு மாதிரி" என்று தம்பி மனைவி தன் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லுவாளாம்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மக்கள் எழுதிக் கொடுக்கிற விண்ணப்பங்களில் எங்கே பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் முதல் புருஷன் வரை யார் என்ன சொன்னாலும் ஒரு முறை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். கெட்டவள் இல்லை. சந்தேகம் நல்ல பழக்கம்தான். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சளிக் காலம் வந்தபோது அவனுக்கும் கஷாயம் கொடுக்கலாமா என்று நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த கையேட்டில், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கிற எதையும் தொடாதே என்று போட்டிருந்தது. அவனுடைய காவல்காரர்கள் தூங்க வேண்டும், அல்லவா. டாக்டர் நான் கொண்டுபோன பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, இஞ்சியைப் பாதியாகக் குறைத்து, தினம் ஒரு சின்னக் கோப்பை மட்டும் குடிக்கலாம், கடைப் பொடி எதுவும் கலக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே செய்தேன். அவளுக்குச் சிவப்பு லேபிள், அவனுக்குப் பச்சை லேபிள்.

"அண்ணி, இது நெஜமாவே டாக்டருக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்மா."

"எழுதிக் குடுத்திருக்காரா?"

சீட்டைக் காட்டினேன். படித்தாள். திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் படித்தாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் பச்சை லேபிள் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, ஒரு வாய் தான் குடித்துப் பார்த்து, அரை மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குக் கொடுப்பாள். மாத்திரை டப்பாவை மட்டும் வாங்கி அப்படியே சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவாள். மூன்று வருடமும் இப்படித்தான் நடந்தது.

ஆபரேஷன் நடந்த தேதியில் ஒவ்வொரு வருடமும் அவர்கள் வீட்டில் விருந்து நடக்கும். மூன்றாவது வருட விருந்துக்குத் தம்பியிடம் கார் கற்றுக்கொள்கிற சிலரும் வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா, "கிட்னி யாரு சார் குடுத்தாங்க?" என்று கேட்டார். நான் அப்போது அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்பி வாயில் சாப்பாட்டோடு, "கெடச்சுதும்மா, என் அதிர்ஷ்டம்" என்றான்.

கிடைத்ததாம். நடந்து போகிறவன் காலில் தட்டுப்பட்டதுபோல. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். கதையை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும் என்று சுருக்கியிருப்பான். தண்ணீர் தம்ளருக்கு வெளியே கொஞ்சம் சிந்திவிட்டது. இருபத்தாறு வருடத்தில் நான் எதையும் சிந்தியதில்லை.

அதற்கு அடுத்த மாதம் எனக்குச் சளி பிடித்தது. ஆசிரியர்கள் அறை முழுக்கத் தும்மல். ஊருக்கெல்லாம் கஷாயம் கொடுத்தவளுக்கே வந்துவிட்டது என்று சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காத. சளி புடிச்சவங்க யாரும் என் பக்கத்துல வரக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிருக்காரு. ஒரு மாசம் மட்டும். டப்பாவ கேட்டுல வச்சிட்டுப் போ, அவ வந்து எடுத்துக்குவா."

சரி என்றேன். அவன் சொன்னது நியாயம். அவன் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் மூச்சு ஆகாது, என் கை மட்டும் வேண்டும்.

மறுநாள் கேட்டின் தூண்மேல் பாட்டில் பையையும் டப்பாவையும் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றேன். அவள் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றின் மேலும் மருந்துத் தண்ணீர் தெளித்து, துடைத்து எடுத்துக்கொண்டாள். காலி டப்பாவைத் தூண்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மாடி ஜன்னலில் தம்பி நின்றான். எனக்குக் கையசைத்துவிட்டு, தன் வலது பக்க அடிவயிற்றைத் தட்டிக் காட்டி, "என் கிட்னி சூப்பரா இருக்குக்கா" என்று கத்தினான். உள்ளே என்னுடையது இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

பத்து நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு தும்மல்கூட இல்லை. உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் அண்ணி. நமக்கே தெரியாம உள்ள இருக்கும்" என்றாள். கண்ணைச் சுருக்கித்தான் சொன்னாள். அப்போதுதான் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்தேன். தொட்டி விளிம்பிலிருந்து மண்ணுக்குள் ஒரு கோடாக எறும்பு போய்க்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனதும் குனிந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தேன். இஞ்சி. தேனுக்குத்தான் எறும்பு வந்திருந்தது. சளிக்காரி வீட்டுக் கஷாயம் என்று இரண்டு வாரமும் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிவிட்டு, கழுவிய பாட்டிலை "ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்த நேரத்துக்குள் கோபம் தணிந்துவிட்டது. அதன் பிறகு நான் செய்தது எதுவும் கோபத்தில் செய்ததில்லை. அடுத்த வாரமும் கஷாயத்தை அதே அளவில்தான் போட்டேன், இஞ்சித் துண்டு ஒன்றுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பச்சை லேபிள்மேல் தேதி எழுதினேன். நீங்கள் சோதித்த பச்சை லேபிள் பாட்டில்களிலும் இதே அளவுதான்.

தடை நீங்கியது ஐந்தாவது ஞாயிறு. அதற்குள் அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் வந்திருந்தது. கதவைத் திறந்ததும் தம்பி இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினான். "பாருக்கா, நடுக்கமே இல்ல." ஆபரேஷனுக்குப் பிறகு அவன் விரல்கள் எப்போதும் லேசாக நடுங்கும், அந்த மாத்திரைகளில் ஒன்றின் குணம் அது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நான் நடுங்கறதப் பாத்து, ஸ்டியரிங் புடிக்கறவங்க சேந்து நடுங்கறாங்கக்கா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இப்போது கை கல்லுப்போல நின்றது. "போன வாரம் மாடிலேந்து எறங்கி நானே பாட்டில எடுத்துக் குடிச்சேன். அதுலேந்து நாளுக்கு நாள் நல்லா இருக்கு. எல்லாம் உன் கஷாயம்தான்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டான். ஐந்து வாரத்துக்குப் பிறகு என் தம்பி என்னைத் தொட்டான்.

அவள் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். பொய் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு முன்னால் நிஜமாகவே நடுங்காத கைகள் இருந்தன. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக என்னிடம் தோற்றாள். "அண்ணி, எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லித் தாங்க. வாரத்துக்கு ஒரு பாட்டில் பத்தல" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அளவையும் சொன்னேன். ஆனால் நம்பாதவர்கள் நம்ப ஆரம்பித்தால் அளவு தெரியாது. தினம் ஒரு கோப்பை என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஆனது. தேனையும் கொதிக்கிற கஷாயத்தில் ஊற்றினாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவனுக்குச் செருப்பு இறுகியது. பாதம் வீங்கியிருந்தது. நாலு நாளில் காய்ச்சல், இடுப்பில் வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரை ஏதாவது விட்டீங்களா?"

"ஒரு வேளகூட விடல டாக்டர். எங்க அக்காதான் டப்பா போடறாங்க" என்றான் தம்பி. டாக்டருக்கு என்னை மூன்று வருடமாகத் தெரியும். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ரத்தத்தில் அந்த மருந்தே இல்லை என்று சோதனையில் வந்தது. விழுங்கிய மாத்திரை எங்கே போனது என்று ஆளாளுக்குக் குழம்பினார்கள். வேறென்ன சாப்பிட்டார், வேறென்ன குடித்தார் என்று கேட்டபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான்தான், ரெண்டு வேளையும் கஷாயம் குடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே பக்கம்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி உங்களுக்குத் தகவல் சொன்னது, நீங்கள் பாட்டில்களை எடுத்துப் போனீர்கள். சாப்பாட்டு மேஜைமேல் இருந்த டப்பாவை யாரும் தொடவில்லை. ஆகவே நான் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். கழுவி வைப்பது என் தொழில்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாக எழுதுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில், வேதியியல் ஆய்வகத்தில், மூன்றாவது அலமாரியின் இரண்டாவது தட்டில், பின்வரிசையில் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருக்கிறது. சாவி தலைமை ஆசிரியரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அதற்குள் ஐம்பத்தாறு மாத்திரைகள் இருக்கும். நாளுக்கு இரண்டு, நாலு வாரம்; எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். தூக்கிப் போட்டிருக்கலாம், ஆனால் மருந்தை வீணாக்க எனக்கு மனசு வராது. லேபிளில் தேதி போட்டு, "தம்பியுடையவை. தேவைப்படாதவை" என்று எழுதியிருக்கிறேன். மற்ற மாத்திரைகள் எதிலும் நான் கை வைக்கவில்லை; காவல்காரர்களைத் தூங்க வைக்கிற அந்த ஒன்றை மட்டும் எடுத்தேன். அதன் இடத்தில் அதே அளவில், அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையைப் போட்டேன். சளிக் காலத்தில் எங்கள் ஆசிரியர்களெல்லாம் வாங்கிச் சாப்பிடுவதுதான். விஷம் இல்லை. விஷம் வைக்கிறவள் இல்லை நான்.

எப்போது ஆரம்பித்தேன் என்று கேட்பீர்கள். எறும்பைப் பார்த்ததற்கு அடுத்த ஞாயிறு கொடுத்த டப்பாவிலிருந்து. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் ரத்தப் பரிசோதனை முடிந்திருந்தது; மூன்று வருடம் நன்றாக இருந்ததால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும் என்று மாற்றியிருந்தார்கள். தற்செயலாக அமைந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தற்செயல் இல்லை.

ஏன் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை எடுத்துவிட்டுப் பார் என்று முதல் வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்று வருடம் ஒரு வீட்டில் இருந்தால் வாடகைக்கு வந்தவர்கூட அந்த வீட்டு மனிதர் ஆகிவிடுவார். என்னுடையது அவனுக்குள் மூன்று வருடம் இருந்தது. இன்னமும் அவன் காவல்காரர்களுக்கு மயக்கம் கொடுத்துத்தான் நான் அங்கே இருக்க வேண்டுமா. காலை எட்டு மணிக்கும் மாலை எட்டு மணிக்கும் ஒரு மனிதன் தன் அக்காவைச் சகித்துக்கொள்ள மாத்திரை போட்டுக்கொள்கிறான். அந்த மாத்திரையை நானே என் கையால் பிரித்து, அறை அறையாகப் போட்டுக் கொடுக்கிறேன். நூற்றைம்பது ஞாயிறு அதைச் செய்திருக்கிறேன். மாத்திரை இல்லாமல் அவன் என்னை ஏற்றுக்கொள்கிறானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்.

அந்த ஐந்தாவது ஞாயிறு அவன் என்னைக் கட்டிக்கொண்டபோது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். பையில் அடுத்த வாரத்துக்கான டப்பா இருந்தது. அதை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரியாக நிரப்பி எடுத்து வரலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்போது அவன் விரல்களைப் பார்த்தேன். அசையவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் இருந்திருக்கிறான், நன்றாக இருக்கிறான், அதுவும் முன்பைவிட நன்றாக இருக்கிறான். என்னை ஏற்றுக்கொண்டுவிட்டான். விடை வந்துகொண்டிருக்கிறபோது பரிசோதனையைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தேன்.

என்னுடையதை வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குள் தொற்று உடம்பெல்லாம் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் இறந்தான். ஒன்பதாம் நாள், கண்ணாடி அறைக்குள் ஐந்து நிமிடம் என்னை விட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டுதான் போனேன். அவனுக்குப் பேசக் கஷ்டமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி நடுங்கியது.

"அக்கா" என்றான். "நீ குடுத்தத என்னால காப்பாத்த முடியலக்கா. மன்னிச்சிரு."

பரவாயில்லை என்றேன். அழுகை வந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக, "கிடைத்தது" என்று சொல்லாமல் "நீ கொடுத்தது" என்று சொன்னான். நான் மனசார மன்னித்துவிட்டேன். இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

ஆகவே உங்கள் தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புங்கள், அவள் ஒன்றும் செய்யவில்லை. கஷாயமும் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரைகளை எடுத்தது நான். நாள் தவறாமல் எடுத்தேன், எடுத்ததை எண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள், கீழே தேதியும் போடுங்கள். நான் கதவைத்தான் திறந்து வைத்தேன். என்னை வெளியே தள்ளியது அவன். அவனே அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டான்.